சுத்தாம நின்ன லேத்து

மெஷின் இறுகிப் போச்சுன்னா அதுகிட்ட கோவப்படக் கூடாதுன்னு ஊரெல்லாம் சொல்லுதவன் நான். என்னைய மாதிரி மெஷின்கிட்ட கோவப்பட்டவன் தூத்துக்குடியில வேற ஒருத்தன் இருக்க மாட்டான், அது வேற கத. பழைய மெஷின் சர்வீஸ்தான் எனக்குச் சோறு. ஆறுமுகநேரி உப்பளத்துல பம்பு நின்னு போனாலும், லாஞ்சியில வல இழுக்குற விஞ்சு இறுகிட்டாலும் பையத் தூக்கிட்டுப் போவேன். இந்த ஊருல காத்துலயே உப்பு இருக்கு. நேத்து தொடச்சு வச்ச ஸ்பேனர இன்னைக்கு எடுத்தா வெரல்ல செவப்பு ஒட்டும். அதனால எனக்கு வேல இல்லாத நாளே கெடையாது.

ஆனா நான் சொல்ல வந்தது வெளி வேல இல்ல. என் தங்கச்சி வீட்டு லேத்து.

மாப்பிள்ளை, அதாவது தங்கச்சி புருசன், மீன்பிடித் துறைமுகத்துக்குப் போற ரோட்டுல லேத்துப் பட்டறை வச்சிருந்தாரு. முன்னால பட்டறை, பின்னால வீடு, நடுவுல ஒத்தக்கல்லுச் சுவரு. போட்டுக்கு சாஃப்ட்டு கடஞ்சு குடுக்கது, பம்புக்கு புஷ்ஷு போடுறதுன்னு காலையிலேருந்து பொழுது சாயுற வரைக்கும் லேத்து ஓடிக்கிட்டே இருக்கும். அவரும் நானும் ஒரே வயசு. கல்யாணத்துக்கு முந்தி ஒரே பட்டறையில கெடந்து உருண்டவனுவ. தங்கச்சியக் குடுத்த பொறவுதான் மரியாதை வந்துச்சு, 'ஏலே' போயி 'வே' ஆச்சு. வாய்ச்சண்ட மட்டும் அப்படியே இருந்துச்சு.

அந்த வருசம் ஆயுத பூசைக்கு நானும் போயிருந்தேன். லேத்தத் தொடச்சு எண்ணெ போட்டு மினுமினுன்னு ஆக்கிட்டு, மாப்பிள்ளை தன் கையாலயே சந்தனமும் குங்குமமும் வச்சாரு. மோட்டாருக்கு, கம்பியக் கவ்விச் சுத்துற சக்குக்கு, அடியில தண்டவாளம் மாதிரி கெடக்க பெட்டு நீளத்துக்கும் வரிசையா. எலுமிச்சம்பழத்த வெட்டிக் குங்குமம் தடவி பெட்டு மேல வச்சாரு. உளியத் தாங்கிட்டு முன்னும் பின்னும் நகருற சாடில் மேல கனமா ஒரு செவ்வந்தி மால. எங்க பக்கத்துல ஒரு வழக்கம் உண்டு. பூசை போட்ட மெஷின அன்னைக்கு ஓட்டக் கூடாது. மறுநா காலையில பூசை போட்டவரே மாலையக் கழட்டி, பொட்டத் தொடச்சு, ஒரு சுத்தாவது சுத்தி விடணும். அதுக்குப் பொறவுதான் வேல.

மறுநா விடியும்போது மாப்பிள்ளை ரத்தமா வாந்தி எடுத்தாரு. தங்கச்சி செல்லுல கூப்பிட்டு அழுதா. ஆட்டோவுல போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனோம். பட்டறை ஷட்டரு பூட்டுன பூட்டுதான்.

ஈரல்ல கட்டின்னாவ. பாளையங்கோட்டை, மதுரைன்னு ஆஸ்பத்திரி மாத்தி ஆஸ்பத்திரி. இங்க மழ வேற அடிச்சு ஊத்துது. பட்டறையத் தொறந்து அந்தப் பூவையும் பழத்தையுமாவது எடுத்துப் போட்டுட்டு வாரேன்னு தங்கச்சிகிட்ட சாவி கேட்டேன். புளிப்பும் ஈரமும் இரும்புல கெடந்தா என்ன ஆவும்னு எனக்குத் தெரியாதா? அவ குடுக்கல.

"அவிய வச்ச பொட்டு அண்ணே. அவிய வந்துதான் தொடைக்கணும். வேற ஆளு கை வைக்கக் கூடாது"ன்னா.

பொட்டு அழியாம இருந்தா புருசன் வந்துருவாருன்னு நெனச்சுட்டா. ஆஸ்பத்திரி வராண்டாவுல வச்சு அந்த மொகத்தப் பாத்துட்டு எவன் துருவப் பத்திப் பேசுவான்?

மாசி முடியிற சமயம் டாக்டர் எங்களத் தனியாக் கூப்பிட்டு, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, அவருக்குப் பிடிச்சதக் குடுங்கன்னாரு. அதுக்கு மேல அவரும் சொல்லல, நாங்களும் கேக்கல. பட்டறைச் சுவத்த ஒட்டிக் கட்டிலப் போட்டு மாப்பிள்ளையப் படுக்க வச்சோம். ஆளு பாதியாப் போயிருந்தாரு. சோறு எறங்காது, கஞ்சிதான். அதையும் குடிக்க மாட்டாரு. டம்ளர வாய்கிட்டக் கொண்டு போனா பல்லக் கடிச்சுக்கிடுவாரு. தங்கச்சி கெஞ்சுவா, திட்டுவா, கடைசியில அடுப்படியில போயி நின்னு அழுவா. இப்படியே போனா நாலஞ்சு நாள்தான்னு எங்க எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு.

வந்த மறுநாளு என்னையக் கூப்பிட்டாரு. "லேத்து எப்படி இருக்கு மச்சான்?"

"அதுக்கென்ன, கல்லு மாதிரி இருக்கு."

"சுத்துதா?"

நான் கஞ்சி டம்ளர எடுத்து ஆத்துனேன்.

"பூசை போட்டுட்டு சுத்தாம போயிட்டேன் மச்சான். அது அப்படியே கெட்டிப் போட்ட மாதிரி கெடக்கு. அத ஒரு தடவ சுத்தி விட்டுட்டம்னா எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

"அப்ப இந்தக் கஞ்சியக் குடியும். நான் போயி ஷட்டரத் தொறக்கேன்"னேன்.

என்னைய ஒரு பார்வ பாத்துட்டு டம்ளர வாங்கிக் குடிச்சாரு. ரெண்டு தடவ கொமட்டுனாரு, ஆனா குடிச்சுட்டாரு. தங்கச்சி கதவுக்குப் பின்னால நின்னு பாத்துக்கிட்டு இருந்தா.

ஷட்டரு தூக்கவே வரல. கடப்பாரையப் போட்டு நெம்பித் தொறந்தேன். செவ்வந்தி மால கருப்பா உருகி சாடில் மேல பசையா ஒட்டியிருக்கு. எலுமிச்சம்பழம் இருந்த எடமெல்லாம் பெட்டு அம்மத் தழும்பு மாதிரி குழி குழியா இருக்கு. கூரை ஷீட்டுல ஒரு ஓட்ட. மழத்தண்ணி நேரா ஸ்பிண்டில் பேரிங் மேல எறங்கியிருக்கு. ஸ்பிண்டில்தான் லேத்துக்கு உசிரு, சக்கத் தாங்கிச் சுத்துற தண்டு. சக்க ரெண்டு கையாலயும் பிடிச்சுத் திருக்கிப் பாத்தேன். கம்பி போட்டுத் தொங்குனேன். அது அசையல, நான்தான் ஆடுனேன். அந்தச் சவத்து மெஷின ஒரு மிதி விட்டேன்.

"மிதிச்சா நகரதுக்கு அது கழுதையா வே?"ன்னு சுவத்துக்கு அந்தப் பக்கமிருந்து கொரல் வந்துச்சு. காத்துக்காவ மேல விட்டிருந்த ஓட்ட வழியா எல்லாம் அங்க கேக்கும்.

துருவ எடுக்கணும்னா முதல்ல பெட்டத் தொடைக்கணும். துணிய எடுத்துட்டுத் திரும்பினா தங்கச்சி வாசல்ல நிக்கா. மழையில எல்லாப் பொட்டும் கரைஞ்சு போச்சு, சக்கு மேல வச்சது மட்டும் வெரல் தடத்தோட அப்படியே இருந்துச்சு. அவ கண்ணு அதுலயே இருக்கு. எனக்குக் கை வரல. அதுவும் உள்ள இருந்தவருக்கு எப்படித் தெரிஞ்சுச்சோ, "ஏளா, நான் உசிரோடதான கெடக்கேன்? என் பொட்ட நான்தான் தொடைக்கச் சொல்லுதேன், தொட"ன்னாரு. அவளே சேல முந்தியால தொடச்சா. தொடச்ச முந்திய உதறல. சுருட்டி இடுப்புல சொருகிக்கிட்டு உள்ள போயிட்டா.

இறுகுனத விடுவிக்கதுல பெரிய வித்தையெல்லாம் ஒண்ணும் இல்ல. டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து சந்து சந்தா ஊத்தி, நனஞ்ச துணியச் சுத்திப் போட்டுட்டு வந்துரணும். மறுநா பித்தளத் துண்ட வச்சு மெதுவாத் தட்டணும். திரும்ப ஊத்தணும். ப்ளோ லேம்புல லேசாச் சூடு காட்டி மெழுகுவத்திய வச்சா மெழுகு உருகி உள்ள ஓடும். மீதியெல்லாம் பொறும. அந்தச் சரக்குதான் எங்கிட்டக் கெடையாது. பக்கத்து வெல்டிங் கடைக்காரன் எட்டிப் பாத்துட்டு, "கேஸ் கட்டரு வச்சு அறுத்துருவமா அண்ணாச்சி?"ன்னான். அவன நான் திட்டுன திட்டுல ரெண்டு நாளைக்கு இந்தப் பக்கமே வரல.

பெட்டுக்கு அந்தக் கடைசியில இருக்க டெயில் ஸ்டாக்கத்தான் முதல்ல எடுத்தேன். காலையில வருவேன், மாப்பிள்ளை கஞ்சியக் குடிச்சாத்தான் சுத்தியல எடுப்பேன். அதுதான் பேச்சு. அவரு மொறைப்பாரு, நான் பைய மாட்டிட்டுக் கெளம்புத மாதிரி எந்திப்பேன், அவரு குடிச்சுருவாரு.

"அடி மேல அடி வச்சா அம்மியும் நகரும்பாவ மச்சான்"னு அங்கனேந்து சொல்லுவாரு.

"அம்மி நகரும்வே. இது நகராது. ஓனர மாதிரியே அழுத்தம்"னு நான் இங்கனேந்து சொல்லுவேன்.

அவரு சிரிப்பாரு, சிரிப்பு இருமலா மாறும், தங்கச்சி ஓடி வந்து நெஞ்சத் தடவுவா. டெயில் ஸ்டாக்கு விட்ட அன்னைக்கு சாளக் கொழம்பு வேணும்னு கேட்டாரு. அவ சந்தைக்கு ஓடுன ஓட்டத்தப் பாக்கணுமே. கொழம்ப வெரல்ல தொட்டு நாக்குல வச்சாரு, அம்புட்டுதான். ஆனா எத்தன நாளைக்குப் பொறவு அந்த வீட்டுல மீன் வாசன வந்துச்சு!

சாடில் லேசுல விடல. அந்தப் பூப்பசை உள்ள போயி காஞ்சு, துருவோட சேந்து சிமெண்டு மாதிரி ஆயிருந்துச்சு. ஒரு நா ஆத்திரத்துல ஸ்பேனருக்குப் பைப்பு போட்டு இழுத்தேன், போல்ட்டு படக்குன்னு போயிருச்சு.

"ஒடிச்சுட்டீரா?"

"இல்லவே, கம்பி விழுந்துச்சு."

"போல்ட்டு ஒடியுததுக்கும் கம்பி விழுததுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதாக்கும்"னு முனங்குனாரு. நான் ஒடிஞ்ச துண்ட டிரில்லப் போட்டு எடுத்தேன்.

சாடிலும் ஒருவழியா நகந்துச்சு. அன்னைக்குத் தங்கச்சி என்னையக் கொல்லைப்பக்கம் கூட்டிட்டுப் போனா. வாளியில கெடந்த துணியப் பிழிஞ்சுக்கிட்டே, என் மொகத்தப் பாக்காம பேசுனா.

"அண்ணே, நாம நெனச்சதுக்கு இது எம்புட்டோ நாளு கூட. இந்த லேத்து இருக்கப் போய்த்தான் அவிய குடிக்காவ. இனி அந்த ஸ்பிண்டிலு ஒண்ணுதான பாக்கி?"

"ஆமா."

"அத மெதுவாவே பாரு."

"மெதுவாத்தான்ளா பாக்கேன்"னு எரிஞ்சு விழுந்தேன். அவ சொன்னது எனக்கு வெளங்காம இல்ல. வெளங்குனதுனாலதான் எரிஞ்சு விழுந்தேன்.

என்னையக் கேட்டா, ஸ்பிண்டிலு இன்னும் ஒரு மாசமாவது நிக்கும்னுதான் நெனச்சேன். எந்த மெஷினு நாம நெனச்சபடி நடந்திருக்கு? பங்குனி வெயிலு ஷீட்டு வழியா எறங்கி பட்டறையே அடுப்பாக் கெடந்த ஒரு மத்தியானம், சக்குல கம்பியப் போட்டு மேலயும் கீழயுமா ஆட்டிப் பாத்தேன். டக்குன்னு ஒரு சத்தம். ஸ்பிண்டிலு மயிரிழை அசைஞ்சாக் கூட பின்னால கியருப் பல்லு ஒண்ணோட ஒண்ணு தட்டும். அந்தச் சத்தம்தான். திரும்பக் கீழ அமுக்குனேன், திரும்ப டக்கு. எண்ணெ உள்ள போயி அது விட்டுருச்சு.

வேற எந்தப் பட்டறையா இருந்தாலும் விசிலடிச்சிருப்பேன், டீ சொல்லியிருப்பேன். அன்னைக்கு சக்க ரெண்டு கையாலயும் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். பொறவு சுவத்தப் பாத்து, "சவம், அசையவே மாட்டேங்குதுவே"ன்னு சத்தமாச் சொன்னேன்.

அந்தப் பக்கம் இருமுறது கேட்டுச்சு. பொறவு, "ஆக்கப் பொறுத்தவரு ஆறப் பொறுக்க மாட்டீரா மச்சான்? நாளைக்குப் பாப்போம்"னு வந்துச்சு.

அதுலேருந்து தெனமும் போவேன். கஞ்சியக் குடிக்க வச்சுட்டு, பட்டறைக்குள்ள போயி, பெட்டு மேல ஒரு மரக்கட்டைய வச்சு அதுல தட்டிக்கிட்டு இருப்பேன். நடிப்புன்னு சொல்லுதவன் சொல்லிட்டுப் போறான். தங்கச்சிகிட்டயும் சொல்லல. அவ ஏற்கெனவே பாரத்தத் தூக்கிட்டு நிக்கா, அதுல இதையும் ஏத்தவா? ஒரு டம்ளர் கஞ்சி உள்ள போச்சுன்னா ஒரு நாளு. அந்தக் கணக்குல அவரு உசிரு ஓடிச்சு.

ஆனா கஞ்சி உசிரத்தான் பிடிச்சு வச்சுச்சு, வலிய ஒண்ணும் பண்ணல. மாத்திரைக்கு மேல மாத்திரை, தோள்ல ஒட்டுற மருந்து, எதுவும் நிக்கல. முதுகுல புண்ணு வந்துச்சு. திருப்பிப் படுக்க வைக்கும்போது அந்த மனுசன் கத்துன கத்து இருக்கே. பெரிய இரும்புக்கட்டைய ஒத்தக் கையால சக்குல தூக்கி வச்ச ஆளு, பிள்ள மாதிரி அழுதாரு. நான் தட்டுறத நிப்பாட்டுனா சுவத்துக்கு அந்தப் பக்கம் மொனகுறது கேக்கும். அதக் கேக்கப் பயந்து இன்னும் பலமாத் தட்டுவேன். கட்டை பிளந்து வேற கட்டை வச்சேன். யாருக்காவ இத இழுத்துப் பிடிக்கோம்னு எனக்கே தெரியாம போச்சு.

ஒரு நா காலையில தங்கச்சி மருந்துக் கடைக்குப் போயிருந்தா. நான் பைய எடுத்துட்டுப் பட்டறைக்குக் கெளம்புனேன். மாப்பிள்ளை கையக் காட்டி உக்காரச் சொன்னாரு.

"அது விட்டுட்டுல்லா மச்சான்?"

"எது?"

"ஸ்பிண்டிலு."

"கோட்டியா பிடிச்சிருக்கு ஒமக்கு? விட்டா நான் சொல்ல மாட்டனா?"

"அன்னைக்கு மத்தியானமே பல்லு தட்டுன சத்தம் கேட்டுச்சு. ரெண்டு தடவ. அதுக்குப் பொறவு நீரு கட்டையத் தட்டுததத்தான் தெனமும் கேட்டுட்டுக் கெடக்கேன்."

எனக்குக் கோவம் வந்துச்சு. வேற என்ன வரும்? "தெரிஞ்சிருந்தா ஏன்வே வாயத் தொறக்கல? கோட்டிக்காரன் மாதிரி என்னையத் தட்ட விட்டுட்டு..."

அவரு கண்ண மூடிக்கிட்டு கொஞ்சங் கொஞ்சமாப் பேசுனாரு. "டம்ளரு காலியா இருந்தா, ஒம்ம தங்கச்சி அதக் கழுவும்போது வாய்க்குள்ள ஏதோ பாடுவா. மிச்சம் வச்சா பாட மாட்டா. அதுக்காவத்தான் குடிச்சேன்."

நான் கையில இருந்த பையக் கீழ வச்சேன்.

"இப்ப முடியல மச்சான். எறங்கும்போது கண்ணாடியால கிழிச்ச மாதிரி இருக்கு. அவகிட்ட சொல்ல முடியல, ஒம்மகிட்டத்தான் சொல்ல முடியும். அத சுத்தி விட்டுரும்."

"மாட்டேன்வே."

"பூசை போட்டது நான். சுத்தச் சொல்லுததும் நான். நீரு சுத்துனா நான் சுத்துன மாதிரிதான்."

"மாட்டேன்னு சொன்னேம்லா"ன்னு சொல்லும்போதே அழுதுட்டேன். எங்கம்மா செத்தப்பக் கூட நான் அடுத்தவன் பாக்க அழுதவன் இல்ல. அவரு கைய நீட்டி என் முட்டியில வச்சாரு. அந்தக் கையில கனமே இல்ல.

தங்கச்சி மருந்தோட வந்தா. அவரே சொன்னாரு, "ஏளா, ஒங்க அண்ணன் மெஷின விடுவிச்சுட்டாரு. இப்ப ஓட்டப் போறாரு." அவ என்னையப் பாத்தா. மருந்துப் பைய மேச மேல வச்சா, போயி மொகத்தக் கழுவிட்டு வந்து கட்டில்ல அவரு பக்கத்துல உக்காந்தா.

நான் பட்டறைக்குப் போயி எண்ணெக் குழியெல்லாம் ரொப்புனேன். பெல்ட்ட மாட்டுனேன். முதல்ல சக்கக் கையால ஒரு சுத்து சுத்தி விட்டேன், வழக்கம் அதான. பொறவு சுவிட்சப் போட்டேன். கரகரன்னு ஒரு இழுவ இழுத்துச்சு, பெல்ட்டு வழுக்குச்சு, பொறவு பிடிச்சுக்கிட்டு ஒரே சீரா ஓட ஆரம்பிச்சுச்சு. ரோட்டுல போன வெல்டிங் கடைக்காரன் நின்னு எட்டிப் பாத்துட்டு, என் மொகத்தப் பாத்ததும் நடையக் கட்டிட்டான்.

ஓட விட்டுட்டு உள்ள போனேன். மாப்பிள்ளை உள்ளங்கையச் சுவத்துல வச்சுக்கிட்டுக் கெடந்தாரு. சுவரு லேசா அதிருது. தங்கச்சி அவரு தலையத் தடவிக்கிட்டு இருந்தா. ரொம்ப நேரம் ஓடிச்சு. பொறவு அவரு கண்ணத் தொறந்து, "போதும் மச்சான், நிப்பாட்டும். கரண்டு பில்லு ஏறும்"னாரு. நான் போயி நிப்பாட்டுனேன்.

சாயங்காலம் தங்கச்சி வழக்கம்போல கஞ்சி கொண்டு வந்தா. அவரு வேண்டாம்னு தலைய ஆட்டுனாரு. அவ சிரிச்ச மாதிரி மொகத்த வச்சுக்கிட்டு டம்ளர இன்னொரு தடவ வாய்கிட்டக் கொண்டு போனா. அவரு மெல்ல மொகத்தத் திருப்பிக்கிட்டாரு. அவ என் பக்கம் திரும்புனா.

"நீ சொல்லு அண்ணே. நீ சொன்னாக் குடிப்பாவ."

மாப்பிள்ளையும் என்னையத்தான் பாத்துக்கிட்டுக் கெடந்தாரு. நான் அவ கையிலேருந்து டம்ளர வாங்கித் தரையில வச்சேன்.